என் பங்கு ஜெபத்தையும் அவரே சொன்னார்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. நான் ஆவூர்ப் பெண். அங்கே பெரிய மாதா கோயிலின் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். கட்டிக்கொடுத்த இடமோ கந்தர்வக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த செம்மண் பூமி. அந்த ஊரில் எங்களைப் போன்ற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கூரை வேய்ந்த ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டிக் கல்லறை. மாதம் ஒரு முறை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார்தான் எங்களுக்கு எல்லாம்.

வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர், அவருடைய தாயார், நான். மாமியார் நல்லவர்தான், ஆனால் பழைய காலத்து மனுஷி. புருஷனும் பெண்சாதியும் பகலில் முகம் பார்த்துப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. வீட்டுக்காரர் கடலைக்கொல்லையிலிருந்து வந்தால் நான் தண்ணீர்ச் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கும் கூச்சம். "இந்தா" என்பார். அதற்கு நான் "ம்" என்பேன். ஆரம்பத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் விளக்கு வைத்ததும் ஜெபமாலை உண்டு. அதை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரத்தையும் ஒருவர் பாதிவரை சொல்லி நிறுத்துவார். மீதிப் பாதியை மற்றவர்கள் எடுத்துச் சொல்லி முடிக்க வேண்டும். முதல் பாதி அவருடையது. மறுபாதி மாமியாருக்கும் எனக்கும். மாமியார் பாதி மாலையிலேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். அப்புறம் அவர் குரலும் என் குரலும் மட்டும்தான். அவர் நிறுத்திய இடத்தில் நான் எடுப்பேன், நான் முடித்த இடத்தில் அவர் எடுப்பார். கட்டைக் குரல், அவசரமே இருக்காது. பகலெல்லாம் பேசாமல் இருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது அந்த ஒரு நேரத்தில்தான். நான் அவர்மேல் ஆசை வைத்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான். இதை அவரிடம் சொன்னதில்லை.

முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய சமயத்தில், மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாளில் வாடிப் போய்விட்டாள். ஞானஸ்நானம் கொடுத்திருந்த பிள்ளை. கோயில் கல்லறையில் வைத்தோம். அவரே பூவரசங்கட்டையில் சின்னச் சிலுவை செய்து நட்டார். அழுதேன், பால் கட்டி மார் வலித்தது, காய்ச்சலில் கிடந்தேன். இருந்தாலும் அன்று மாலையும் மறுநாள் மாலையும் என் பாதியை என்னால் சொல்ல முடிந்தது. பிள்ளை மோட்சத்தில் இருக்கிறது என்று நினைக்க ஒரு இடம் இருந்தது.

இரண்டாவது பிள்ளைதான் என்னைச் சாய்த்தது.

வலி எடுத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு, "புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கப்பா, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவர் வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைத் தூக்கிப் போட்டார். மருத்துவச்சியும் மாமியாரும் என் இரண்டு பக்கத்திலும். பாதை முழுவதும் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. முந்திரிக் காட்டைத் தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள். "உள்ளயே முடிஞ்சுபோச்சு தாயி" என்று அவள் சொன்னதுதான் நான் கடைசியாகக் கேட்டது. அதற்கப்புறம் எத்தனையோ நாள் எனக்கு நினைவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியபின் ஒரு நாள் கண்மாய்க்குத் தண்ணீருக்குப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் நான் வருவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், பொம்பளப்புள்ளய உள்ள வச்சாக. ஆம்பளப்புள்ளய வெளிய வச்சாக."

குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கலப்பைக்குக் கொழு பொருத்திக்கொண்டிருந்தார். மாமியார் இருப்பதையும் பார்க்காமல் கேட்டேன்.

"புள்ளய எங்கங்க வச்சீங்க?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மாமியார்தான் சொன்னார். "உபதேசியார் சொன்னாருத்தா. ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாத புள்ளய மந்திரிச்ச மண்ணுல வைக்கக் கூடாதாம். வேத சட்டமாம். இவன் என்ன செய்வான்?"

"எங்க வச்சீங்க? காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போனார். கல்லறைச் சுவருக்கு வெளியே, நொச்சிப் புதருக்கு அண்டையில், நாய் தோண்டாதபடி கல் அடுக்கி வைத்திருந்தார். சிலுவை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மகளுடைய பூவரசஞ்சிலுவை தெரிந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இடையில் இடுப்பளவு மண் சுவர்.

அன்று மாலை அவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். என் வாய் திறக்கவில்லை. மாமியார் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பாதியையும் அவரே சொல்லி, அடுத்ததை எடுத்தார்.

இப்படித் தொடங்கியதுதான். முதலில் ஜெபம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. அப்புறம் சோறும் உறக்கமும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் கால் தானாகச் சுவருக்கு வெளியே போகும். கல்லுக்குப் பக்கத்தில் படுத்துவிடுவேன். வெயில் ஏறியதும் அவர் வந்து தூக்கிக்கொண்டு போவார். "ஆடு மேய்க்கிறவன் எல்லாம் பாக்குறான்டா, மானம் போகுது" என்று மாமியார் அழுவார். சில நாள் என்னைத் தூக்காமல் துண்டை விரித்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை கிடக்கும், மாடு கத்தும், உட்கார்ந்தே இருப்பார்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கமலைக் கிணற்றில் விழுந்துவிட்டேன். அவர் அந்தப் பக்கக் கொல்லையில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து அவரும் குதித்திருக்கிறார். மேலே கொண்டுவந்து போட்டபோது அவர் முழங்காலில் எலும்பு தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. என் தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் என்ன செய்யணும், சொல்லு. சொல்லு புள்ள. செய்யிறேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கேட்டது.

உறவுக்காரர்கள் கூடினார்கள். பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள். தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள். அவருடைய மாமா ஒருவர் நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, "வேதத்துல ரெண்டாங் கல்யாணம் இல்லங்கிறது ஒனக்குக் கெட்ட நேரம்டா. வயசுக் காலத்துல தனியாக் கெடந்து என்ன செய்வே?" என்றார்.

"தனியா எங்க இருக்கேன்? இந்தா இருக்காள்ல" என்றார் அவர்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெற்கே, வண்டியில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகிற தொலைவில், ஒரு மாதா கெபி, அதாவது குகைக் கோயில், உண்டு. புத்தி கலங்கியவர்களை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அங்கேயே கிடந்தால் தெளியும் என்று நம்பிக்கை. எந்தச் சாதிக்காரர், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பெயரை எழுத விரும்பவில்லை. அவருக்கு அங்கே போக மனமில்லை. ஆனால் கிணறு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அதற்குப் பயந்துதான் வண்டி கட்டினார்.

கெபியை ஒட்டி நீளமான கொட்டகை. கல்தூண் வரிசை. ஒவ்வொரு தூணிலும் ஒரு சங்கிலி, சங்கிலியின் நுனியில் ஒரு ஆள். மூத்திர வாடையும் மெழுகுவர்த்தி வாடையும் கலந்து வந்தது. காவல்காரர் எனக்கு ஒரு தூணைக் காட்டினார்.

"கால்ல மாட்டிட்டு நீங்க ஊருக்குப் போயிட்டு, தெளிஞ்சதும் வந்து கூட்டிக்கங்க. கஞ்சிக்கு மட்டும் ஏற்பாடு செஞ்சுட்டுப் போங்க."

"சங்கிலி வேணாங்க. நான் கூடவே இருந்து பாத்துக்கிறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாக. ரெண்டு நாளு கழிச்சு ஓடிருவாக. அப்புறம் இதுக கிணத்துல விழுந்தா யாரு பொறுப்பு?"

அவர் தோள்துண்டை எடுத்தார். ஒரு முனையை என் இடக்கையில் கட்டினார். மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்துத் தன் வலக்கையில் முடிச்சுப் போட்டார். "இவ எங்கிட்டுப் போனாலும் நானும் போகணும். போதுமாங்க?" என்றார். காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியே இருந்தோம். சோறாக்கும்போது, குளிக்கும்போது மட்டும் அவிழ்ப்பார். வலக்கை கட்டில் இருந்ததால் இடக்கையால் எனக்குக் கஞ்சி ஊட்டுவார், பாதி என் சீலையில் சிந்தும். பக்கத்துத் தூணில் ஒரு அம்மா இருந்தார். யாரோ கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லையாம். சங்கிலி உரசி அவர் கணுக்கால் புண்ணாகியிருந்தது. நாள் முழுவதும் சீலைத் தலைப்பை மடிப்பார், பிரிப்பார், மடிப்பார். எங்கள் கஞ்சியில் அவருக்கும் ஒரு பங்கு வைப்பார் என் வீட்டுக்காரர். அந்த அம்மாவைப் பார்க்கும்போது, இந்தத் துண்டு இல்லாவிட்டால் நானும் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. என் புத்தி முழுவதும் போகவில்லை. எல்லாம் தெரிந்தது. அதுதான் கொடுமை.

மாலையில் ஜெபமாலை. அவர் பாதியைச் சொல்வார். நிறுத்துவார். நான் எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்திருப்பார். நான் எடுக்க மாட்டேன். பிறகு என் பாதியையும் சொல்வார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் இப்படி. மற்றவர்கள் முடிக்கும் நேரத்தைவிட எங்கள் மாலை முடிய இரண்டு பங்கு நேரம் ஆகும். காத்திருக்காமல் சொல்லிக்கொண்டே போயிருக்கலாம். ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை.

ஆடி பிறந்து ஊர்ப் பக்கம் நல்ல மழை. பக்கத்துக் கொல்லைக்காரர் இதற்காகவே நடந்து வந்தார்.

"ஈரம் போட்டபடி இருக்கு. எல்லாரும் கடலை ஊன்றாக. ஒங்க கொல்ல ஒண்ணுதான் கரம்பாக் கெடக்கு. ரெண்டு நாளைக்கு வந்து வெதச்சுட்டு வாங்க. நான் வேணா இங்க இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டியிருந்த கையைக் காட்டி, "இத யாருகிட்ட அவுத்துக் குடுக்கறது?" என்றார். வந்தவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அந்த வருஷம் எங்கள் நிலத்தில் விதைக்கவே இல்லை.

ஆவணி கடைசி என்று நினைக்கிறேன். ஒரு மாலை அவருக்குக் குரல் சரியில்லை. சளியா, சோர்வா, தெரியாது. ஜெபமாலையில் ஒரு பத்து மணிகூடத் தாண்டியிருக்காது. முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார். காத்திருந்தார். வழக்கம்போல என் பாதியைத் தொடங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. ஆண் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்கு முடியல" என்றார். என்னிடம் சொன்னாரா, மாதாவிடம் சொன்னாரா, தெரியவில்லை. "எனக்கு இதுக்கு மேல முடியல. நானும் அத வெளிய வைக்கணும்னு நெனச்சா வச்சேன்? உபதேசியார் சொன்னதும் தூக்கிட்டுத் தனியாத்தான் போனேன். போற வழியில கண்மாய்ல எறங்கி, கையில தண்ணிய அள்ளி, அது தலையில ஊத்துனேன். பிதா சுதன் எல்லாம் சொல்லித்தான் ஊத்துனேன். பேரு வச்சுத்தான் ஊத்துனேன். உசுரு இல்லாத புள்ளைக்கு ஊத்துனா செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியல. சாமியார்ட்டக் கேக்கப் பயமா இருந்துச்சு. செல்லாதுன்னு சொல்லிப்புட்டா நான் எங்க போவேன்? அதான் ஒங்கிட்டயும் சொல்லல."

கொட்டகையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய சங்கிலியோ தரையில் இழுபட்டது. பல மாதமாகப் பேசாத வாய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

"என்ன பேரு வச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். நான் பேசினேன் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பெயர்.

நான் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பிறகு அழத் தொடங்கினேன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அழாத அழுகை. காவல்காரர் ஓடிவந்து, "என்னா, வெறி ஏறிருச்சா?" என்று கேட்டார். "இல்லங்க. அழுகுறா. அழுகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பெண்சாதி அழுததற்குச் சந்தோஷப்பட்ட மனிதர்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று நான் ஜெபம் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய வழியில்கூட அவர் முதல் பாதியைச் சொல்லிக் காத்திருந்தார், நான் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தூண் அம்மாவை நாங்கள் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவரையும் கூட்டிப் போகலாமா என்று இவர் கேட்டதற்குக் காவல்காரர் சம்மதிக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

விதைக்காத வருஷம் என்ன செய்யும் என்பதை அந்தக் கோடையில் கண்டோம். குதிரில் வரகு அடியில் கொஞ்சம். ஒரு வேளை கூழ், ஒரு வேளை பனங்கிழங்கு. மாமியார் தன் பங்கை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே மெலிந்து, அடுத்த மழைக்கு முன் போய்ச் சேர்ந்தார். சாகிற அன்று என் கையைப் பிடித்து, "அவனப் பாத்துக்க தாயி" என்றார். என்னால் அவர்களுக்கு வந்த பட்டினி அது. என்னை ஒரு சொல் அவர் குறை சொல்லவில்லை.

மாமியாரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அன்று மாலை வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் விளக்கை ஏற்றி மண்டியிட்டார். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். அம்மாவை இழந்த மனிதர் இன்றைக்கும் என் பாதியைத் தானே சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. கடவுள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவருக்காகத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தைகள் தடுமாறி வந்தன, ஒரு இடத்தில் மறந்தும் போனேன். அவர் எடுத்துக் கொடுத்தார். கடவுளிடம் நான் திரும்பி வந்தது இப்படித்தான். என் வீட்டுக்காரர் பேசுகிற இடம் என்பதால் நானும் அங்கே போய்ப் பேசினேன்.

எங்களுக்கு மறுபடி பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளை இறந்த மாதம் வரும்போதெல்லாம் எனக்குப் பழையபடி இருட்டிக்கொண்டு வரும். சில வருஷம் ஒரு வாரம், சில வருஷம் ஒரு மாதம். அவர் முன்கூட்டியே வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டோடு இருப்பார். கிணற்றுக்கு முள்வேலி போட்டார். நான் பேசாத நாட்களில் என் பாதியை அவர் சொல்வார். பேசுகிற நாட்களில் நான் சொல்வேன். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

தண்ணீர் ஊற்றியது செல்லுமா என்று சாமியாரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு பூசைக்கும் கேட்க வேண்டும் என்று கிளம்புவோம். கேட்காமல் திரும்புவோம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பூசையைத் தமிழில் வைக்கத் தொடங்கினார்கள். அதுவரை லத்தீன். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுப்பார், நாங்கள் மணி அடித்தால் குனிவோம். இப்போது எங்களைப் பார்த்து நின்று, எங்கள் பேச்சில் சொன்னார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஓர் இடத்தில் சாமியார் இறந்தவர்களுக்காக வேண்டினார். எல்லாரையும் நினைத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டார். எல்லாரையும் என்றுதான் சொன்னார். உள்ளே வைத்தவர், வெளியே வைத்தவர் என்று பிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் லத்தீனில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா என்று நினைத்து நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை திரும்பி என்னைப் பார்த்தது. பாதி நரைத்த தலை. கோயிலுக்குள் அவர் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வெளியே வந்ததும் கேட்டார்.

"கேட்டியா?"

"கேட்டேங்க."

"எல்லாரையும்னு சொன்னாருல்ல?"

"ஆமாங்க. எல்லாரையும்னுதான் சொன்னாரு."

கோயில் வாசலில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் சொன்னேன். "ஒங்களக் கட்டுனதுக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லங்க. அவருகிட்ட நான் பேசாம இருந்த நாள்லயும் அத மட்டும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் வெட்கப்பட்டுப் போனார். "சரி, சரி, வா. மாட்டுக்குத் தண்ணி காட்டல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கிணற்றில் அடிபட்ட காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடப்பார். நான் பின்னாலேயே போனேன்.